தேயாத இரும்பு

கங்காதரன் எழவு வீட்டில் சிரித்தான்.

அவனுடைய சித்தப்பா கஜபதியைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பந்தலின் கீழ் கிடத்தியிருந்தார்கள். பங்குனி மாதம். காலை ஒன்பது மணி வெயிலே ஓலைக்கீற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. வாய்க்கரிசி போட ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கங்காதரன் முறை வந்தபோது அவன் கை ஆடியது. அரிசியில் பாதி பிணத்தின் மார்பில் கொட்டியது. குனிந்தவன் குனிந்தபடியே நின்று சிரிக்க ஆரம்பித்தான். கண்ணிலோ கன்னத்திலோ சிரிப்பில்லை. முகம் பலகை மாதிரி இருந்தது; வாயிலிருந்து மட்டும் நிறுத்தத் தெரியாமல் வந்துகொண்டே இருந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தூக்கினு போங்கடா இவன," என்றான் செத்தவரின் மகன் தணிகைமணி. "எங்க நைனா பொணத்துக்கு முன்னாலயே ஊத்திகினு வந்து சிரிக்கிறான்."

கங்காதரனின் மனைவி கல்பனாதான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தெருவே பார்த்தது. வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, தாடையைப் பிடித்து அவன் வாயை மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. கல்யாணமான நாளாகப் பழகிப்போன சுட்ட இரும்பு வாடைதான்.

"அப்போ மாத்திரையா? இன்னா துன்ன, சொல்லு."

"ஒண்ணும் துன்னல."

"துன்னாமதான் பொணத்தப் பாத்துச் சிரிச்சியா?"

"நான் சிரிக்கல கல்பனா. அதுவா வருது."

"உள்ள போனா அதுவாத்தான் வரும்."

மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அவன் தோளில் அடித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இரண்டாவது அடிக்கு அழுதான். அந்த அழுகையும் சிரிப்பு வந்த மாதிரியே, முகம் அசையாமல் வந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தேவயானி புத்தகத்தை மூடிவிட்டு, அப்பனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாதி சட்டையில் சிந்தியது.

கங்காதரன் குடிகாரன் என்று ஊர் முடிவு பண்ணி நான்கைந்து மாதமாகியிருந்தது. அதற்கு முன்னால் அவனைப்பற்றி ஊரில் வேறு பேச்சு இருந்தது. 'அவன் கை வச்ச இரும்பு தேயாது' என்பார்கள்.

அவன் வேலை செய்த பட்டறை திருத்தணியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கல்குவாரிகளில் கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகடும், பொக்லைன் பக்கெட்டின் பல்லும் கருங்கல்லோடு மல்லுக்கட்டி ஒரே மாதத்தில் மழுங்கிப்போகும். அவற்றை இங்கே கொண்டுவந்து போடுவார்கள். தேய்ந்த இடத்தில் அந்த இரும்பைவிடக் கெட்டியான உலோகத்தை உருக்கி, வரிவரியாக, லேயர் மேல் லேயராகப் பூசிக் கொடுப்பதுதான் தொழில். கைதேர்ந்த வெல்டர்களே இரண்டு லேயருக்கு மேல் போனால் வெடிப்பு விட்டுவிடுவார்கள். கங்காதரன் நான்கு போடுவான். விரலால் தடவினால் நெல் தூற்றிய களம் மாதிரி ஒரே சீராக இருக்கும்.

முதலாளி அசோக்குமார் சென்னையில் உலோகத்தைப் பற்றிப் படித்து, பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். வெளிநாட்டிலிருந்து வருகிற வெல்டிங் வயர் ஒன்று உண்டு, அதைப் பூசினால் பல் நான்கு மடங்கு உழைக்கும், ஆனால் குவாரிக்காரர்களுக்குக் கட்டுபடியாகாது. அதற்குச் சமமாக ஒன்றை இந்தத் தகரக் கொட்டகையிலேயே செய்து காட்டவேண்டும் என்பது அவன் வெறி. மாங்கனீசு, குரோமியம், இன்னும் என்னென்னவோ பொடிகளை அவனே தராசில் நிறுத்துக் கலப்பான். கலந்ததைப் பூசிப் பார்க்கிற வேலை கங்காதரனுக்கு. காற்றடித்தால் பூச்சுக்குள் ஊசிமுனை மாதிரி ஓட்டை விழும். கல் பட்டதும் அந்த இடம் பெயர்ந்துவிடும். அதனால் பட்டறைக்குப் பின்னால் தனிக் கொட்டாய் போட்டு, சுற்றிலும் தார்ப்பாய் இறக்கி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் வேலை. திருத்தணி சித்திரை வெயிலிலும் அப்படித்தான். உள்ளே புகை பழுப்பாகத் தேங்கி நிற்கும். இரண்டு வருஷம் அவன் அதைத்தான் மூச்சாக இழுத்து விட்டான்.

போன ஆவணியில் பதினேழாவது கலவை ஜெயித்தது. ஒரு மாதத்தில் தேய்கிற பல் நான்கு மாதம் நின்றது. அசோக்குமார் பட்டறைக்கே பிரியாணி வாங்கிப் போட்டான். கங்காதரன் தன் பங்கைப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மகள் முன்னால் பிரித்து வைத்து, "கல்லு தோத்துப்போச்சு தேவி. நம்ம கைகிட்ட கருங்கல்லே தோத்துப்போச்சு," என்று சொன்னான். அன்றைக்கு அவன் சிரித்தது நல்ல சிரிப்பு. கல்பனாவுக்கு ஞாபகம் இருக்கிற கடைசிச் சிரிப்பு அதுதான்.

ஐப்பசி மழையில் குரல் இறங்கியது. நாலு முறை கேட்டால்தான் காதில் விழும். கார்த்திகையில் முகம் அடங்கியது. சண்டை போட்டாலும் அதே முகம், மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தாலும் அதே முகம். அப்புறம் நடை. குதிகால் தரையில் படாமல் சேவல் மாதிரி நடப்பான். பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தால் அப்படியே மல்லாந்து விழுவான். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஆர்.கே.பேட்டை வண்டிக்கு வழிவிடப் பின்வாங்கியவன் பூக்கடை மேல் விழுந்து, நான்கு பேர் கையைப் பிடித்துத் தூக்கியபோது, அதில் ஒருத்தர் அவன் ஊரான புளியங்குன்றத்து ஆளாகப் போய்விட்டார். அவர் மூலமாக அது ஊருக்கு வந்து சேர்ந்தது.

எழவு வீட்டுக்குப் பிறகு கல்பனா தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியவில்லை. சித்திரை பிறந்து, வேர்க்கடலை பிடுங்கும் வேலை. நான்கு மணிக்கே எழுந்து களி கிண்டி வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இரண்டு பாத்தி பிடுங்கவேண்டும். செடியைப் பிடித்து உலுக்கி மண்ணை உதறும்போதெல்லாம் பக்கத்து வரிசையில் மணியம்மை ஆரம்பித்துவிடுவாள். மணியம்மை கல்பனாவுக்கு ஓர்ப்படி, கங்காதரனின் அண்ணன் பெண்டாட்டி.

"சம்பளத்த அவன் கைல குடுக்க உட்டா இப்படித்தான். பொட்டப்புள்ள வச்சினுகீற. போயி மொதலாளிகிட்ட சொல்லி நீ வாங்கு. எங்க ஊட்டுக்காரரு குடிச்சப்ப நான் அப்படித்தான் செஞ்சேன், ரெண்டே மாசத்துல வழிக்கு வந்துட்டாரு."

"அவரு மேல வாடையே வர்ல அக்கா."

"இப்ப வாடை வராததெல்லாம் வந்துகினுகீது. நீ எந்தக் காலத்துல கீற?"

ஒரு வெள்ளிக்கிழமை, கடலைக்காட்டு மண் கையில் காய்ந்திருக்க, மத்தியானமே அவள் பட்டறைக்குப் போனாள். வாசலில் அசோக்குமார் நின்றிருந்தான். சுற்றி ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"மொதலாளி, அவரு சம்பளத்த இனிமே எங்கைல குடுங்க."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"குடிக்கிறாரு. ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

அசோக்குமார் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். "இங்க குடிச்சிட்டு வந்து நான் பாத்ததில்ல."

"நான் பொண்டாட்டி சொல்றேன், குடிக்கிறாரு," என்று சத்தமாகவே சொன்னாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். ஆள்களுக்கு முன்னால் மானம் போனால் திருந்துவான் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் அவனைத் திருத்தணி முருகன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், சத்தியம் வாங்க. அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏற ஆரம்பித்தார்கள். முந்நூற்று அறுபத்தைந்து படி. இவன் எங்கே ஏறப்போகிறான் என்று நினைத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமதரையில் நான்கு அடி வைக்கத் தடுமாறுகிறவன், படியில் கால் வைத்ததும் மடமடவென்று ஏறினான். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே மண்டபத்துச் சமதரைக்கு வந்ததும் மறுபடியும் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றான். பின்னால் வந்தவர்கள் இடித்ததும் மொட்டை போட்ட ஒரு குழந்தை மேல் சாய்ந்தான். குழந்தையின் தாய் காறித் துப்பாத குறையாக ஏசினாள்.

கல்பனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "படி ஏறத் தெரியுது. தரையில நடக்கத் தெரியலியா? யார ஏமாத்தற?"

"எனுக்கே புரில."

"கற்பூரத்த அடிச்சி அணை. இனிமே தொடமாட்டேன்னு சொல்லு."

அவன் எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். கை ஆடிய ஆட்டத்தில் சுடர் இரண்டு தடவை தப்பியது. "இனிமே தொடமாட்டேன்," என்றான். தொடாததைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான்.

சத்தியம் பலிக்கவில்லை. வைகாசியில் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் போயிற்று. பட்டறைக்கும் போகமுடியவில்லை. கல்பனா அவனை அரசு ஆஸ்பத்திரியில் குடி நிறுத்துகிற வார்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே மோகனப்ரியா என்று ஒரு டாக்டர், சின்ன வயசுதான். சீட்டில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"எத்தன வருஷமா குடிக்கிறாரு?"

"ஏழெட்டு மாசமா இருக்குங்க."

"தினமுமா?"

"நான் குடிக்கல," என்றான் கங்காதரன். அவன் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததில்தான் டாக்டர் தலை நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"எழுந்து அந்த ஜன்னல் வரைக்கும் நடங்க."

நடந்தான். திரும்பச் சொன்னாள். திரும்பும்போது பின்னால் சாய்ந்தான். அவளே ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"இவரு இன்னா வேல பாக்குறாரு?"

"வெல்டிங்குங்க. குவாரி மிஷினுக்குப் பூச்சு போடற வேல."

"பூச்சுல இன்னா இருக்கும்?"

கல்பனாவுக்குத் தெரியவில்லை. கங்காதரன் சொன்னான். ஒவ்வொரு பொடியின் பெயரையும், பதினேழாவது கலவையில் எது எவ்வளவு என்பதையும், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். மாங்கனீசு என்று வந்த இடத்தில் டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள்.

சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே மூன்று தடவை அலைந்து, தலையைப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, கடைசியில் ஆனியில் மோகனப்ரியா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மூளைக்கு நடுவில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இதும்மா. புகையில வந்த மாங்கனீசு. மூச்சு வழியா ஏறி இங்க போயி படிஞ்சிருக்கு. நடை, கை, முகம், அழுகை, சிரிப்பு எல்லாத்தையும் கட்டுல வெச்சிருக்கற எடம் இது."

"அப்போ குடி?"

"குடியே கெடையாது. ஈரல் சுத்தமா இருக்கு. இவரு சொன்னது நெசம்."

"படி ஏறுனாரே டாக்டரம்மா. நல்லா ஏறுனாரே."

"கண்ணுக்கு முன்னால படி தெரிஞ்சா கால் தன்னால எழும்பும். தரையில அந்த அடையாளம் இல்ல, அதான் ஒட்டிக்கிது. இந்த வியாதி அப்படித்தான்."

கல்பனா படத்தில் அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மருந்து குடுங்க," என்றாள்.

"குடுக்கறேன். பெருசா கேக்காது. புகைக்குப் போகாம இருந்தா மெதுவாத்தான் முத்தும். போனது திரும்பாதும்மா." மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னாள்: "குடியா இருந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

ஆஸ்பத்திரி வராந்தா நீளமாக, வழுவழுவென்று இருந்தது. கங்காதரன் பாதியில் நின்றுவிட்டான். கால் எழும்பவில்லை. ஜனம் இரண்டு பக்கமும் வழிந்து போனது. கல்பனா அவனுக்கு முன்னால் போய், தன் காலைக் குறுக்கே நீட்டினாள். அதைத் தாண்டிக் கால் எடுத்து வைத்தான். மறுபடி நீட்டினாள். மறுபடி தாண்டினான். வாசல் வரைக்கும் அப்படியே வந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அதில் வெட்கம் இல்லை. விளக்குமாற்றின் ஞாபகம்தான் வந்துகொண்டே இருந்தது.

வேலையில் வந்த நோய் என்று எழுதிக்கொடுத்தால் சட்டப்படி பட்டறைதான் பொறுப்பு, பொடி விவரத்தை முதலாளி கையெழுத்தில் வாங்கி வா என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போன அன்று கல்பனா பட்டறைக்குப் போனாள். அசோக்குமார் அவளை உட்காரச் சொன்னான். டாக்டர் கொடுத்த சீட்டைப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"எனுக்குத் தெரியாதும்மா. சத்தியமா இவ்ளோ ஆகும்னு தெரியாது."

"படிச்சவரு நீங்க. பொடிய நிறுத்துப் போட்டது நீங்க."

"ஃபேன் வெச்சிருந்தேன். அவருதான் நிறுத்துவாரு. காத்து பட்டா ஓட்ட உழும்னு அவருதான்…"

"ஓட்ட உழுந்தா திட்டனது யாரு?"

வெளியே தவில் சத்தம் வந்து, தூரமாகப் போய், ஓய்ந்தது.

"நான் எழுதிக் குடுத்தா நாளைக்கே பட்டறைக்குப் பூட்டு," என்றான் கடைசியில். "பன்னெண்டு பேரு இருக்காங்க. நானும் அந்தக் கொட்டாய்லதான் நின்னேன். என் தலைய படம் புடிச்சா இன்னா தெரியும்னு எனுக்கே பயமா இருக்கு. மருந்துச் செலவு நான் பாத்துக்கறேன். எழுத்து மட்டும் கேக்காத."

"எழுத்துதான் வோணும்."

"கேசுக்குப் போறியா?"

"போறேன்."

அவன் சீட்டை மடித்து அவளிடமே நீட்டினான். அவன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. "கேசுன்னு போனா நானும் என்னைக் காப்பாத்திக்கணும்மா. நீயே இங்க வந்து, இத்தினி பேரு முன்னால, எம்புருஷன் குடிக்கிறான்னு சொன்ன. ஆஸ்பத்திரிலயும் குடி வார்டுலதான் மொதல்ல சேத்த. அத நான் சொல்லித்தான் ஆவணும்."

கல்பனா எழுந்து வெளியே வந்தாள். பின்பக்கம் தார்ப்பாய்க்குள் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. கங்காதரன் இடத்தில் இப்போது கந்தன். கங்காதரனோடு பத்து வருஷம் வேலை பார்த்தவன், அவனை அண்ணா என்று கூப்பிடுகிறவன். கல்பனா தார்ப்பாயை விலக்கினாள். புகை அவள் தொண்டையைப் பிடித்தது.

"கந்தா, வெளிய வா."

முகமூடியைத் தூக்கிக்கொண்டு அவன் வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தன் கைகளை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"எனுக்கும் காலைல எழுந்தா வெரல் மடங்கல அண்ணி. குளுருன்னு நெனச்சேன்."

"ஆடி மாசத்துல இன்னா குளுரு?"

கந்தன் அன்றோடு வேலையை விட்டு நின்றுவிட்டான். காலியான பொடிப் பையில் மாங்கனீசு என்று அச்சடித்திருந்த சீட்டைக் கிழித்து எடுத்துவந்து அவளிடம் கொடுத்தான். திருவள்ளூரில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு எழுதிப் போட்டதும் அவன்தான். விசாரணைக்குப் புரட்டாசியில் கூப்பிட்டார்கள். மூன்று பேருமாக முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். வழியெல்லாம் கந்தன் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"குடிக்கிறாருன்னு நீ சொன்னதா அவுங்க எழுதிக் குடுத்துகீறாங்க. நீ சொல்லவே இல்லன்னு அடிச்சிப் பேசு. எழுத்துல எங்கயும் இல்ல. வெறும் வாய் வார்த்த."

"அங்க இருந்தவங்க சொல்லமாட்டாங்களா?"

"ரெண்டு பேரு சொல்லுவான். நான் கேக்கவே இல்லன்னு சொல்லுவேன். நானும் அன்னிக்கி அங்கதான் நின்னேன். குடி வார்டுக்கு யாரோ தப்பா கைகாட்டிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். இத உட்டா நமக்கு வழி இல்ல அண்ணி."

கல்பனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மழை இல்லாமல் கடலைக்கொடி பாதி வளர்த்தியில் நின்றது.

அதிகாரி ஹேமாவதி, கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். அசோக்குமார் வரவில்லை, அவன் வக்கீல் வந்திருந்தார். அவர் படித்து முடித்ததும் அதிகாரி கல்பனா பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் குடிக்கிறார்னு பட்டறையில வந்து சொன்னீங்களா?"

கந்தன் பக்கத்தில் இருமினான். கங்காதரன் நாற்காலியில் வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். கை மட்டும் தொடையில் துள்ளிக்கொண்டிருந்தது. அவனைக் குடிகாரன் இல்லை என்று காப்பாற்ற இன்னொரு பொய் போதும். ஆனால் அந்த வாயால் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாயிற்று. அது எங்கே கொண்டுவந்து விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"சொன்னேங்க," என்றாள். "எல்லாரும் கேக்கறாப்ல சொன்னேன். ஆனா அவரு குடிக்கல. ஒரு நாளும் குடிக்கல. நான் வாய மோந்து பாத்தேன், வாடை வர்ல, அப்படியும் நான் நம்பல. அவரு சொன்னத நம்பல, ஊரு சொன்னத நம்புனேன். வெளக்குமாத்தால அடிச்சேன். எழுதிக்கோங்க. தப்பு எம்மேல. அவரு மேல இல்ல."

வக்கீல் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"இது உங்களுக்கு எதிராத்தான் போகும்மா. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

டாக்டரை நேரில் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, கார்த்திகைக்கு வாய்தா போட்டார்கள். வெளியே புங்கமரத்தடி சிமெண்டுப் பலகையில் கங்காதரனை உட்கார வைத்தாள். கந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ வாங்கப் போனான். வெயில் உறைத்தது. கங்காதரன் ஏதோ சொன்னான். காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"நீ பட்டறைக்கு வந்தியே, அன்னிக்கி. நான் உள்ளதான் இருந்தேன்."

"எங்க?"

"கொட்டாய்ல. தார்ப்பாய்க்கு அந்தாண்ட."

"நான் பேசனது கேட்டுதா?"

"ஆங். எல்லாம் கேட்டுது."

"ஏன்யா வெளிய வர்ல? பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நாலு பேரு முன்னால என் வாயில ஒண்ணு வெச்சிருக்கலாம்ல?"

அவன் உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது.

"லேயர் பாதில இருந்துச்சு," என்றான். "சூடு எறங்கனா வெடிச்சிடும். முடிச்சிட்டு வந்து பாத்தேன். நீ போய்ட்ட."